முதிய குடலின் தளர்வை அளக்க ஆர்கன் பாத்: எதை நம்பலாம், எங்கே ஏமாற்றும்

வெட்டி எடுத்த குடல் துண்டை 37 பாகை வெப்பத்தில், ஆக்சிஜன் ஊட்டிய உப்புக் கரைசலில் தொங்கவிட்டு அதன் இழுவிசையை அளக்கும் கருவிதான் ஆர்கன் பாத். ருடால்ஃப் மாக்னஸ் 1904இல் குடல் துண்டை இப்படி உயிரோடு வைத்துக் காட்டினார். அதன் பிறகு கண்ணாடி, உணரி, கணினி எல்லாம் மாறியும் அடிப்படை அப்படியே இருக்கிறது. கரைசலும் துண்டும் இருக்கும் கண்ணாடிக் கலத்தை அறை என்கிறோம். இன்று கிடைக்கும் நான்கு அறை, எட்டு அறைத் தொகுப்புகளை ஒரே ஒரு வேலையை முன்வைத்து இங்கே எடைபோடுகிறோம். வயதாகும்போது குடல் தசையைத் தளர்த்தும் வேதிச் சைகைகள் எப்படி மாறுகின்றன என்று இதில் கண்டறிய முடியுமா?

முடியும். எந்த வேதிப்பொருள் எவ்வளவு தளர்வைத் தருகிறது என்ற கேள்விக்கு இதைவிட நேரடியாகப் பதில் தரும் கருவி வேறு இல்லை. ஆனால் இளம் திசுவுக்குப் பழகிய அளவுகளை முதிய திசுவுக்கும் அப்படியே வைத்தால், கருவி காட்டும் வேறுபாட்டில் ஒரு பகுதி, நரம்பு வெளியிடும் வேதிப்பொருளான நரம்புக்கடத்தியால் வந்ததாக இருக்காது. தடித்த சுவரும் கூடிய கொலாஜன் நாரும் செய்த வேலையாக இருக்கும்.

முதலில், எதை அளக்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். குடல் தசையைத் தளர்த்தும் நரம்புகள் ஒரே ஒரு பொருளை வெளியிடுவதில்லை. நைட்ரிக் ஆக்சைடு தசைக்குள் குவானைலேட் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்டி, அது உண்டாக்கும் சைக்ளிக் ஜிஎம்பி வழியாகத் தளர்த்துகிறது. ஏடிபி, பீட்டா-என்ஏடி போன்ற பியூரின்கள் பி2ஒய்1 ஏற்பியில் இணைந்து, எஸ்கே வகைப் பொட்டாசியம் வாயில்களைத் திறந்து, சவ்வின் மின்னழுத்தத்தைக் கீழே இறக்குகின்றன. விஐபி என்று சுருக்கி அழைக்கப்படும் குடல் பெப்டைடும் அதன் உறவுப் பெப்டைடான பிஏசிஏபியும் மூன்றாவது கூட்டம். பியூரின் தளர்வு சட்டென்று வந்து சட்டென்று போகும். நைட்ரிக் ஆக்சைடு தளர்வு மெதுவாக வந்து நின்று நிலைக்கும். பெப்டைடுகள் பெரும்பாலும் நரம்பை உயர் அதிர்வெண்ணில் தூண்டும்போது தலைகாட்டுகின்றன. வயது இந்த மூன்றையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. அதனால்தான் மொத்தத் தளர்வை மட்டும் அளந்து முடிவு சொல்லும் கட்டுரைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

அந்த மோதல் கற்பனையல்ல. விஸ்டார் எலியின் குடலில் நைட்ரிக் ஆக்சைடின் பங்கு வயதோடு குறைகிறது என்று 1998இல் ஜப்பானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. முதிய எலியின் பெருங்குடல் நரம்புப் பின்னலில் நைட்ரிக் ஆக்சைடைச் செய்யும் நொதியான நைட்ரிக் ஆக்சைடு சிந்தேஸ் குறைவாக வெளிப்படுகிறது என்று 2000இல் இன்னொன்று வந்தது. ஆனால் 2003இல் வந்த எலி ஆய்வு, வயதால் அழிபவை அசிட்டைல்கோலின் நரம்பணுக்களே, நைட்ரிக் ஆக்சைடு நரம்பணுக்கள் எண்ணிக்கையில் தப்புகின்றன என்றது. மனிதப் பெருங்குடலில் 2009இல் எண்ணிப் பார்த்தபோதும் அதே போக்குதான் தெரிந்தது. நரம்பணு உயிரோடு இருப்பது வேறு, அதற்குள் நொதி போதிய அளவில் இருப்பது வேறு, நொதி செய்த வாயு தசையைப் போய்ச் சேர்வது வேறு. முதல் இரண்டையும் சாயமேற்றிப் பார்க்கலாம். மூன்றாவதைக் காட்ட ஆர்கன் பாத் வேண்டும். இந்தக் கருவியை நாம் மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அறையும் வெப்பமும்

வாங்கும்போது 10 மில்லிலிட்டர் அறைகளைக் கேளுங்கள். 25, 50 மில்லிலிட்டர் அறைகளில் திசு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அபாமின் (எஸ்கே வாயிலை அடைப்பது), விஐபி போன்ற விலை கூடிய பெப்டைடுகள் இரண்டரை மடங்கு, ஐந்து மடங்கு செலவாகும். 10 மில்லிலிட்டரில் ஒரு மருந்தை 10 முதல் 100 மைக்ரோலிட்டருக்குள் சேர்த்துவிடலாம். கரைசலின் அடர்த்தி 1 விழுக்காட்டுக்கு மேல் மாறாது. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த மருந்தென்றால், அறையில் டிஎம்எஸ்ஓ 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதுவே தசையைத் தளர்த்தும்.

நீர் சுற்றும் உறையுள்ள அறைகளைத் தொடராக இணைத்திருந்தால் முதல் அறைக்கும் கடைசி அறைக்கும் வெப்பம் வேறுபடும். சுற்றும் இயந்திரத்தின் திரையில் 37 என்று இருப்பதை நம்பாமல், ஒவ்வொரு அறைக்குள்ளும் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். குழாயில் போகும் வழியில் ஆறிவிடுவதால் இயந்திரத்தை அரை பாகை, ஒரு பாகை கூட வைக்க வேண்டியிருக்கும். இளம் திசு எப்போதும் முதல் அறையில், முதிய திசு எப்போதும் கடைசி அறையில் என்று பழக்கமாகிவிட்டால், வெப்ப வேறுபாடு வயது வேறுபாடாக அச்சேறும். அறைகளை நாள்தோறும் மாற்றிப் போடுவதற்குச் செலவே இல்லை.

வாயுக் குமிழி நுண்துளைத் தட்டு வழியாகச் சிறிது சிறிதாக வர வேண்டும். பெரிய குமிழி நூலை ஆட்டும், பதிவில் நடுக்கம் ஏறும்.

கரைசல்

ஒரு லிட்டர் கிரெப்ஸ் கரைசலுக்கு: சோடியம் குளோரைடு 6.90 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.35, ஏழு நீர் மூலக்கூறுள்ள மக்னீசியம் சல்பேட் 0.30, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.16, சோடியம் பைகார்பனேட் 2.10, குளுக்கோஸ் 1.98. இவை கரைந்ததும் 95 விழுக்காடு ஆக்சிஜன், 5 விழுக்காடு கார்பன் டைஆக்சைடு கலந்த வாயுவைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊட்டுங்கள். இரண்டு நீர் மூலக்கூறுள்ள கால்சியம் குளோரைடு 0.37 கிராமை அதன் பிறகே சேர்க்க வேண்டும். வாயு ஊட்டாத கரைசலில் கார அளவு ஏறியிருக்கும். அதில் கால்சியத்தைப் போட்டால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். கண்ணுக்குத் தெரிந்தால் கொட்டிவிடலாம். லேசாகத் திரிந்து தெரியாமல் போனால், அன்றைய திசுக்கள் எல்லாம் சோர்ந்து கிடக்கும், காரணம் பிடிபடாது.

உணரியும் இழுவிசையும்

இங்கேதான் முதிய திசு தன் வேலையைக் காட்டும். 50 கிராம் வரை அளக்கும் உணரி பொதுப் பயனுக்கு நல்லது. ஆனால் முதிய பெருங்குடல் துண்டின் நரம்புத் தளர்வு ஒரு கிராமில் சிறு பங்காக இருக்கும்போது அந்த உணரியின் இரைச்சலிலேயே அது கரைந்துவிடும். 25 கிராம், முடிந்தால் 10 கிராம் எல்லையுள்ள உணரியைத் தேர்ந்தெடுங்கள். காலையில் 1 கிராம் எடையைத் தொங்கவிட்டு அளவைச் சரிசெய்யுங்கள், மாலையில் மறுபடியும் தொங்கவிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராத நாளின் பதிவை எடுத்துக்கொள்ளக் கூடாது.

எலியின் பெருங்குடல் துண்டுக்கு 1 கிராம் ஓய்வு இழுவிசை என்பது பல ஆய்வகங்களின் வழக்கம். இளம் திசுவுக்கு அது பொருந்தும். முதிய திசுவின் சுவர் தடித்து, இணைப்புத் திசு கூடியிருந்தால் அதே 1 கிராமில் அது தன் உகந்த நீளத்தை எட்டியிருக்காது. நீட்டிய பிறகு இழுவிசை தானே இறங்கும் வேகமும் வேறாக இருக்கும். ஆகவே ஒரே இழுவிசையை எல்லாருக்கும் வைப்பது நியாயம் போலத் தெரிந்தாலும் நியாயமல்ல. ஒவ்வொரு துண்டையும் 0.25 கிராம் படிகளாக நீட்டி, ஒவ்வொரு படியிலும் ஒரே அளவு தூண்டல் கொடுத்து, விடை (தூண்டலுக்குத் திசு காட்டும் மாற்றம்) உச்சமாகும் நீளத்தில் நிறுத்துங்கள். அரை மணி நேரம் கூடும். அதைச் செய்யாத ஒப்பீட்டை நாம் ஏற்பதில்லை.

சமநிலைக்கு இளம் திசுவுக்கு 60 நிமிடம் போதும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். முதிய திசுவுக்கு 90 நிமிடம் வைத்தால் பதிவின் அடிக்கோடு (தூண்டாதபோதுள்ள இழுவிசை) நிலைக்கும். அப்போது இளம் திசுவையும் 90 நிமிடமே காத்திருக்க வைக்க வேண்டும்.

விடையைக் கிராமில் மட்டும் எழுதாதீர்கள். ஆய்வு முடிந்ததும் துண்டை ஒற்றி எடுத்து எடைபோட்டு, எடையை நீளத்தால் வகுத்து, 1.05 என்ற அடர்த்தியாலும் வகுத்தால் குறுக்குவெட்டுப் பரப்பு வரும். 10 மில்லிமீட்டர் நீளத் துண்டு 12 மில்லிகிராம் இருந்தால் 1.14 சதுர மில்லிமீட்டர். இதற்கும் மேல் நம்பகமானது, கடைசியில் தசையை நேரடியாகத் தளர்த்தும் பாப்பாவரின் 100 மைக்ரோமோலார் போட்டு முழுத் தளர்வு எவ்வளவு என்று பார்த்து, நரம்புத் தளர்வை அதன் விழுக்காடாகச் சொல்வது. தசையால் தளரவே முடியாத பகுதி அப்போது கணக்கிலிருந்து விலகிவிடும்.

தூண்டும் கருவி

நான்கு அறைத் தொகுப்போடு ஒரே ஒரு தூண்டியைக் கொடுத்து, நான்கு மின்முனைகளையும் இணையாக மாட்டச் சொல்லும் விற்பனைமுறை பரவலாக உண்டு. இந்த வேலைக்கு அது பெரிய குறை. திரையில் 50 வோல்ட் என்று இருக்கும். மின்னோட்டம் நான்காகப் பிரிவதால் ஒவ்வொரு திசுவுக்கும் எவ்வளவு போகிறது என்பது மின்முனைக்கு இடையிலான தூரத்தையும் திசுவின் தடிப்பையும் பொறுத்து மாறும். தடித்த முதிய துண்டின் உள்ளிருக்கும் நரம்புகள் முழுதும் தூண்டப்படாமல் போனால், அது நரம்புக்கடத்திக் குறைவு என்று பதிவாகும். ஒவ்வொரு அறைக்கும் தனி வெளியீடு, நிலைத்த மின்னோட்டம் உள்ள தூண்டியை வாங்குங்கள். பிளாட்டினம் வளைய மின்முனை, 0.5 மில்லிவினாடித் துடிப்பு, 1, 2, 4, 8, 16 ஹெர்ட்ஸ், ஒவ்வொன்றும் 10 வினாடி. உச்ச விடை எந்த மின்னோட்டத்தில் வருகிறது என்பதை இளம் குழுவுக்கும் முதிய குழுவுக்கும் தனித்தனியாகக் கண்டுபிடித்த பிறகே தொடங்குங்கள்.

நாள் முடிவில் நரம்புச் சைகையை அடைக்கும் டெட்ரோடோடாக்சின் 1 மைக்ரோமோலார் போட்டு, தூண்டல் விடை மறைகிறதா என்று பாருங்கள். மறையாமல் மிஞ்சுவது நரம்பின் வேலையல்ல. துடிப்பு நீளம் கூடித் தசையையே நேரடியாகத் தூண்டியிருக்கலாம், அல்லது மின்முனையில் குமிழி எழுமளவுக்கு மின்னாற்பகுப்பு நடந்து அதன் விளைபொருள் தசையைத் தாக்கியிருக்கலாம். இரண்டாவது சிக்கல் பழைய, கறுத்த மின்முனைகளில் கூடுதலாக வரும்.

மருந்துகளின் வரிசை

முதலில் அசிட்டைல்கோலின் தரும் சுருக்கத்தை அடைக்க அட்ரோபின் 1 மைக்ரோமோலார், நார்அட்ரினலின் நரம்புகளை அடைக்க குவானெத்திடின் 1 முதல் 5 மைக்ரோமோலார். குவானெத்திடின் தொடக்கத்தில் நார்அட்ரினலினைத் தானே வெளியேற்றும் என்பதால் 30 நிமிடம் பொறுக்க வேண்டும். அட்ரோபினைத் தவிர்க்கும் சோதனைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முதிய குடலில் அசிட்டைல்கோலின் நரம்புகள் முதலில் குறைகின்றன. அட்ரோபின் இல்லாவிட்டால் தூண்டலின்போது எதிர்த்து நிற்கும் சுருக்கம் முதிய திசுவில் சிறிதாகவே இருக்கும். மிஞ்சும் தளர்வு பெரிதாகத் தெரியும். நைட்ரிக் ஆக்சைடு குறைந்திருந்தாலும் ‘தளர்வு காக்கப்படுகிறது’ என்ற முடிவு வந்துவிடும்.

அடுத்து, துண்டு தளர்வதற்கு முன்பே இழுவிசை வேண்டும். தானே இழுவிசை எடுக்காத துண்டைச் சுருக்க வேண்டும். அட்ரோபின் இருக்கும்போது, அசிட்டைல்கோலின் போல நடந்து தசையைச் சுருக்கும் கார்பகோல் வேலை செய்யாது. பலர் பொட்டாசியம் குளோரைடை 40 மில்லிமோலாருக்கு மேல் ஏற்றுவார்கள். இது பெரிய தவறு. வெளியே பொட்டாசியம் கூடினால், எஸ்கே வாயில் திறந்தாலும் சவ்வின் மின்னழுத்தம் இறங்க இடமில்லை. பியூரின் தளர்வு முழுதும் காணாமல் போகும். அதைப் பார்த்து ‘இந்தத் திசுவில் பியூரின் பங்கில்லை’ என்று எழுதிவிட வாய்ப்புண்டு. புரோஸ்டாகிளாண்டின் எஃப்2 ஆல்ஃபா 1 மைக்ரோமோலார் போன்ற ஏற்பி வழிச் சுருக்கியே இங்கே தகும்.

பிறகு தடுப்பான்கள். நைட்ரிக் ஆக்சைடுக்கு எல்-நைட்ரோ அர்ஜினின் அல்லது எல்-நேம் 100 மைக்ரோமோலார், 30 நிமிடம். 1 மில்லிமோலார் எல்-அர்ஜினின் போட்டு விடை திரும்புகிறதா என்று சரிபார்க்கலாம். பி2ஒய்1 ஏற்பிக்கு எம்ஆர்எஸ்2500, 1 மைக்ரோமோலார். எஸ்கே வாயிலுக்கு அபாமின். பெப்டைடுகளுக்கு விஐபி (10-28) என்ற எதிர்ப்பான் உண்டு, ஆனால் வலுக் குறைந்தது. அது வேலை செய்யவில்லை என்பதால் மட்டும் விஐபிக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது. பெப்டைடுகள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் கவனியுங்கள்.

எல்-நைட்ரோ அர்ஜினின் போட்டவுடன் துண்டின் ஓய்வு இழுவிசை ஏறுவது வழக்கம். தூண்டாதபோதும் கசிந்துகொண்டிருந்த நைட்ரிக் ஆக்சைடு நின்றுவிட்டதன் அடையாளம் அது. இந்த ஏற்றத்தைத் தொந்தரவாகக் கருதி ஒதுக்காதீர்கள். இளம் திசுவில் எவ்வளவு ஏறுகிறது, முதிய திசுவில் எவ்வளவு ஏறுகிறது என்பதே ஒரு தரவு. ஆனால் ஏறிய இழுவிசையிலிருந்து அளக்கும் தளர்வு கிராமில் பெரிதாகத் தெரியும் என்பதால், அப்போதைய இழுவிசையின் விழுக்காடாகவே கணக்கிட வேண்டும்.

ஒரு தடுப்பானால் தளர்வு 10 விழுக்காடே குறைந்தது, ஆகவே அந்தக் கடத்தியின் பங்கு 10 விழுக்காடு என்று கூட்டிக் கழிப்பது தவறு. ஒன்றை அடைத்தால் மற்றொன்று இடத்தை நிரப்பும். நான்கு அறைகளில் ஒன்றுக்கு எந்த மருந்தும் கூடாது, அது நேரத்தால் வரும் சோர்வைக் காட்டும். இரண்டாவதில் நைட்ரிக் ஆக்சைடுத் தடுப்பான் முதலில், மூன்றாவதில் பியூரின் தடுப்பான் முதலில், நான்காவதில் இரண்டும் ஒன்றாக. இப்படி வைத்தால் இளம் விலங்கு ஒன்றிலேயே நான்கு அறையும் தீர்ந்துவிடும். ஒரே நாளில் முதியதையும் பக்கத்தில் வைக்க எட்டு அறை வேண்டும். இந்த ஆய்வுக்கு நான்கு அறைத் தொகுப்பைப் பரிந்துரைக்கத் தயங்குவது இதனால்தான்.

குறை எங்கே இருக்கிறது, நரம்பிலா தசையிலா? கருவியின் உண்மையான பலம் இந்தக் கேள்வியில் தெரியும். நைட்ரிக் ஆக்சைடைத் தரும் மருந்தான சோடியம் நைட்ரோபுருசைடை 10 நானோமோலாரிலிருந்து 10 மைக்ரோமோலார் வரை படிப்படியாக ஏற்றுங்கள். ஒளி பட்டால் சிதையும் என்பதால் குப்பியை வெள்ளித்தாளில் சுற்றி வையுங்கள், அன்றன்று கரையுங்கள். நரம்புத் தூண்டலில் தளர்வு குறைந்து, நைட்ரோபுருசைடுக்கு விடை முழுமையாக இருந்தால் பழுது வெளியீட்டிலோ வழியிலோ இருக்கிறது. சூப்பராக்சைடை அகற்றும் நொதியான சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் போட்டு விடை மீண்டால், வாயு வெளிவந்தும் சூப்பராக்சைடோடு சேர்ந்து வீணானது என்று கொள்ளலாம். நைட்ரோபுருசைடு விடையே தளர்ந்திருந்தால், சைக்ளிக் ஜிஎம்பி போலவே வேலை செய்யும் 8-புரோமோ சைக்ளிக் ஜிஎம்பி கொடுத்துப் பாருங்கள். அதற்கும் விடையில்லையென்றால் பழுது சைக்ளிக் ஜிஎம்பிக்குக் கீழே. பியூரின் பக்கத்தில் நேரடியாக ஏடிபி கொடுப்பது வழுக்கலான வேலை. அது நிமிடங்களில் அடினோசினாகச் சிதைந்து வேறு ஏற்பிகளைத் தட்டும். பி2ஒய்1 ஏற்பியைத் தூண்டும், எளிதில் சிதையாத ஏடிபி பீட்டா எஸ் (ADPβS) அல்லது எம்ஆர்எஸ்2365 நல்லது.

விலங்கின் வயது

இது கருவியின் குறையல்ல, ஆனால் கருவி தரும் எண்ணின் மதிப்பை இதுவே தீர்மானிக்கிறது. ஒரு வயது எலியை முதியது என்று எழுதும் கட்டுரைகள் உண்டு. அது நடுவயது. குட்டியையும் ஒரு வயது எலியையும் ஒப்பிட்டால் காண்பது வளர்ச்சி, முதுமையல்ல. 3 மாதத்தையும் 24 மாதத்தையும் வைத்து, நடுவில் 12 மாதத்தையும் சேர்த்தால் இரண்டும் பிரியும். இனமும் முக்கியம்: விஸ்டார், ஸ்பிராக் டாலி எலிகளின் கீழ்ப் பெருங்குடலில் தளர்த்தும் கடத்திகளே வேறுபடுவதாக 2000இல் காட்டப்பட்டது. உணவும் கணக்கில் வரும். தாராளமாகத் தின்று முதிர்ந்த எலிகளில் குடல் நரம்பணு இழப்பு அதிகம், உணவைக் கட்டுப்படுத்தியவற்றில் குறைவு. கட்டியோ மலச் சிக்கலோ உள்ள விலங்கைச் சேர்க்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

காட்டாதவை

ஆர்கன் பாத் விசையை மட்டும் காட்டும். வேகமான பியூரின் மின்னழுத்த இறக்கத்தையும் மெதுவான நைட்ரிக் ஆக்சைடு மின்னழுத்த இறக்கத்தையும் தனியே பார்க்க தசைச் செல்லுக்குள் நுழையும் நுண்மின்முனை வேண்டும். நரம்புக்கும் தசைக்கும் இடையே நிற்கும் கஹால் இடைச்செல்களின் இழப்பையும் இது பிரித்துச் சொல்லாது. மனித இரைப்பையிலும் பெருங்குடலிலும் அந்தச் செல்கள் பத்தாண்டுக்குச் சுமார் 13 விழுக்காடு குறைவதாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே தூண்டல் விடை குறைந்து நைட்ரோபுருசைடு விடை நன்றாக இருக்கும் திசுவை, அதே நாளில் பக்கத்துத் துண்டில் அந்தச் செல்களைக் காட்டும் கிட் சாயமேற்றி எண்ணிப் பார்க்காமல் ‘நரம்பு வெளியீடு குறைந்தது’ என்று முடிக்காதீர்கள்.

பராமரிப்பு

மாலையில் காய்ச்சி வடித்த நீர் மட்டும் போதாது. ஓடிக்யூ, இண்டோமெத்தாசின் போன்ற கொழுப்பில் கரையும் மருந்துகள் பிளாஸ்டிக் குழாயில் ஊறி மறுநாள் கசியும். அவை போட்ட நாளில் எத்தனால் ஊற்றிக் கழுவி, பிறகு நீர். குவானைலேட் சைக்ளேஸை அடைக்கும் ஓடிக்யூ மிச்சம் கசிந்தால் மறுநாள் எல்லாத் துண்டுகளும் முதியவை போல நடந்துகொள்ளும். கண்ணாடியில் வெள்ளைப் படிவம் தெரிந்தால் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது நேரம் விட்டுக் கழுவினால் போகும். குழாய்களை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதைவிட, ஓடிக்யூ சோதனைத் தொடர் முடிந்ததும் மாற்றுவதே சரி.